மக்கே ரீச்சர் ஒளிச்ச நாள்

குணவதி அக்காவைப்போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் ஸ்காபரோவிலை காணேல்லை. நானும் அவவும் பிக்கரிங்கிலை ஒரு முதியோர் இல்லத்திலை பராமரிப்பு வேலை. பதினாலு வருசமாச்சு, இன்னும் மனேஜர் கூப்பிட்டால் என்னையும் இழுத்துக்கொண்டுதான் போவா.

அங்கை மிஸிஸ் மக்கே எண்டு ஒரு ஸ்கொட்லாந்துக்காரி. முந்தி ரீச்சர், இப்ப மறதி நோய். குளிக்க வார்க்கப் போனால் அடிப்பா. அக்காதான் ஒரு வழி கண்டுபிடிச்சவ. மனிசி சொல்லுற ஸ்கொட்ஸ் சிறுவர் பாட்டுகளைக் கொப்பியிலை தமிழ் எழுத்திலை எழுதிவைச்சுப் பாடுவா. உடனை ரீச்சர் பாடம் எடுக்கத் தொடங்கிவிடுவா. 'பேர்ன்' எண்டால் பிள்ளையாம், பழைய இங்கிலீசு. 'அஷெற்' எண்டால் பெரிய தட்டு, பிரெஞ்சுக்காரரிட்டை இருந்து வந்ததாம். 'கிரீற்' எண்டால் அழுறது. காலமைச் சாப்பிட்டது ஞாபகமில்லை, உதெல்லாம் ஞாபகம்!

போன தை மாசம் ஒருநாள், குளிப்பாட்டி உடுப்பு மாத்தினாப்பிறகு, ஒளிச்சுப் பிடிச்சு விளையாட்டிலை ஆர் தேடுறது எண்டு பிள்ளையள் எண்ணிப் பார்க்கிற பாட்டொண்டை அக்கா பாடியிருக்கிறா. விரலாலை மாறி மாறித் தொட்டு, கடைசிச் சொல்லைத் தன்ரை நெஞ்சிலை முடிச்சிட்டா. அந்த நேரம் பக்கத்து அறையிலை பெல் அடிக்க ஓடிப்போனா. திரும்பி வரேக்கை ரீச்சரைக் காணேல்லை.

வெளியிலை மைனஸ் இருபது. சாமான் இறக்கப் பின்கதவைத் திறந்துவிட்டிருந்தாங்கள். அக்கா ஓடிவந்து என்ரை கையைப் பிடிச்சு இழுத்தா.

"ஐயோ ஸ்டெபனி, வேலை போனால் போகட்டும். மனிசி பனிக்குள்ளை விறைச்சுச் செத்துப்போடுமடி!"

பேர் சொல்லிக் கத்தினம். பார்க்கிங் முழுக்கத் தேடினம். அரை மணித்தியாலம் போச்சு, ஒரு சத்தமுமில்லை. திடீரெண்டு அக்கா நிண்டா.

"பாட்டு என்னிலையெல்லே முடிஞ்சது. நான்தான் தேடவேணும். அவ ஒளிச்சிட்டாடி."

கொப்பியைப் புரட்டி, தேடினவர் தோத்தால் எல்லாரையும் வரச்சொல்லிக் கூப்பிடுற பாட்டு அடியைத் தேடி எடுத்தா. ஒவ்வொரு கொரிடோரா அதைப் பாடிக்கொண்டு போனா. துணி அடுக்குற அறைக்குள்ளை, போர்வைக் குவியலுக்குப் பின்னாலை, ஆரோ சிரிச்சாங்கள்.

ரீச்சர் வெண்ட சந்தோசத்திலை வெளியிலை வந்தா. "இனி உன்ரை முறை. போய் ஒளி."

அக்கா அப்பிடியே நிலத்திலை இருந்திட்டா. ஊரிலை சண்டை நேரம், ஏழு வயசிலை பங்கருக்குள்ளை மூச்சடக்கி ஒளிச்சிருந்தவ அவ. தேடி வந்தவங்கள் விளையாட வரேல்லை.

"என்னாலை ஏலாது ரீச்சர்," எண்டு தமிழிலையே சொல்லிக் குழறினா.

மிஸிஸ் மக்கே குனிஞ்சு அவவின்ரை கண்ணைத் துடைச்சா. "கிரீற் பண்ணாதை, பேர்ன்," எண்டா. "அப்ப நானே திரும்பவும் ஒளிக்கிறன்."

அக்கா அந்தக் கையை இறுக்கிப் பிடிச்சா. சிஃப்ற் முடியுமட்டும் விடேல்லை.