கந்தப்பன் ஓட்டினால் நிற்காத கார்

"டீச்சருங்களா? நான் சௌந்திரத்து ஊட்டுக்காரன் பேசறனுங்க."

சௌந்திரம் அக்கா போனை என் கையில் கொடுத்துவிட்டு, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சாலையோரம் நின்றிருந்தார். ஆண்டகளூர்கேட்டைத் தாண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும், ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த விளக்குகள் எல்லாம் ஒன்றாக அணைந்து, எஞ்சினும் நின்றுவிட்டது. போனில் இருந்தவர் அவருடைய கணவர் கந்தப்பன். போர் போடுகிற ரிக் லாரியோடு அப்போது ராய்ப்பூர் பக்கம் இருந்தார்.

"சொல்லுங்க," என்றேன்.

"வண்டி நெசமாலுமே நின்னுபோச்சுங்களா?"

"நின்னுருச்சுங்க."

"அவ கிளச்சை உட்டிருப்பா. நீங்க பாத்தீங்களா?"

நான் அக்காவின் காலைப் பார்க்கவில்லை. "பாக்கலைங்க. ஆனா லைட்டெல்லாம் அணைஞ்சுது."

"கிளச்சை உட்டா லைட்டு அணையாதுங்களே."

"ஆமாங்க."

"அப்பறம் என்னவாம்?"

"தெரியலைங்க."

 ரிக் ஓடும் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திச் சொன்னார்: "அவ சொன்னா நான் நம்பறதில்லீங்க. நீங்க இங்கிலீஸ் படிச்சவங்க. இனிமேல் நின்னா, எத்தன மணிக்கு, எந்த எடத்துலன்னு எழுதி வெய்யுங்க. நான் வந்து பாக்கறேன்."

போனைத் திருப்பிக் கொடுத்தேன். "என்னவாமா?" என்றார் அக்கா.

"எழுதி வைக்கச் சொன்னாருங்க்கா."

"எதைய? வண்டியவா, என்னையவா?"

சாவியைத் திருப்பினார். ஒன்றுமே நடக்காதது போலக் கார் கிளம்பியது.

நானும் ஷாலினியும் கணக்கு டீச்சரும் மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு பள்ளிக்கு ராசிபுரத்திலிருந்து போய்வருகிறோம். அந்த ஊருக்குக் காலையில் ஒரே பஸ்தான். அதுவும் பிரேயர் முடிந்த பிறகுதான் போய்ச் சேரும். அதனால் மூன்று பேரும் மாத வாடகை பேசி சௌந்திரம் அக்காவின் காரில் போகிறோம். அக்காவுக்கு வயது நாற்பத்து நான்கு. கந்தப்பன் வருடத்தில் இரண்டு மாதம் ஊரில் இருந்தால் அதிகம். மகன் ஹாஸ்டலில். மரவள்ளிக் காடு, நான்கு மாடு, மோட்டார், வீடு எல்லாம் அக்கா பொறுப்பு. முன்பு கோழிப்பண்ணை ஒன்றில் முட்டை தரம் பிரிக்கப் போய்க்கொண்டிருந்தார்.

காரைக் கந்தப்பன் சங்ககிரிப் பக்கம் வாங்கினார். அவருக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டிய வண்டி. வாங்கிப் படுதா போட்டு மூடிவிட்டு ரிக்குக்குப் போய்விட்டார். ஆறு மாதம் அந்தப் படுதாவையே பார்த்துக்கொண்டிருந்த அக்கா ஒருநாள் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டார். லைசென்ஸ் வாங்கிய பிறகுதான் கணவரிடம் சொன்னார். பழைய கோழிப்பண்ணையைத் தாண்டும்போது தினமும் ஹாரனை ஒருமுறை லேசாக அழுத்துவார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

கந்தப்பன் சொன்னபடி, என் பாடக்குறிப்பு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதத் தொடங்கினேன். புதன், 8.40, ரயில்வே கேட், மழை இல்லை. வெள்ளி, 4.50, மழை, வேகத்தடை. திங்கள், 8.25, குண்டும் குழியும் இல்லாத நேர்சாலை. அடுத்து ஒன்பது நாள் ஒன்றுமில்லை. பிறகு ஒரே நாளில் இரண்டு முறை. ஏசி போட்டால் நிற்கிறது என்று ஷாலினி சொன்னாள்; ஏசி போடாத நாளிலும் நின்றது. நான் முன்சீட்டில் உட்கார்ந்து போன் சார்ஜ் போடுவேன். அதனால்தானோ என்று யாரிடமும் சொல்லாமல் ஒரு வாரம் சார்ஜ் போடாமல் இருந்தேன். அந்த வாரமும் நின்றது.

மெயின் ரோட்டில் காளிதாஸ் என்ற ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் மூன்று முறை காரை விட்டோம். ஒவ்வொரு முறையும் அக்கா தன் சாவிக் கொத்திலிருந்து கார் சாவியை மட்டும் கழற்றிக் கொடுத்துவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்குப் போய் மாடு பார்த்துவிட்டு வருவார். காளிதாஸ் பேட்டரி முனையைச் சுரண்டினார், எர்த் வயரை மாற்றினார், முன்பு வைத்திருந்தவர்கள் பூட்டிய கூடுதல் ஹாரன்களைப் பிடுங்கிப் போட்டார். அவரிடம் இருந்தவரை கார் ஒருமுறைகூட நிற்கவில்லை.

"எங்கிட்ட வந்தா நல்ல புள்ளையாட்ட ஓடுதுங்க்கா. நிக்கறப்பக் கொண்டாங்க."

"நின்னுபோனா எப்படீங்க கொண்டார்றது?"

தீபாவளிக்குக் கந்தப்பன் பன்னிரண்டு நாள் லீவில் வந்தார். கார் சாவி அவர் சட்டைப்பைக்குப் போனது. சேலம் போனார், திருச்செங்கோடு போனார், வேண்டுமென்றே வேகத்தடைகளில் தடதடவென்று ஏற்றி இறக்கினார். நிற்கவில்லை. பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்து அக்காவையும் ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். அப்போதும் நிற்கவில்லை. நான் அவர்கள் வீட்டுக்குப் பலகாரம் கொடுக்கப் போன அன்று, என் நோட்டை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"அவ ஓட்டுனாலும் நிக்கல, நான் ஓட்டுனாலும் நிக்கல. அப்ப டீச்சருங்க ஏறுனாத்தான் நிக்குது. உங்க மூணு பேர்த்துல யாரு அந்த ராசிக்காரி?"

அக்கா சிரிக்கவில்லை. கந்தப்பன் ரிக்குக்குக் கிளம்பிய பிறகுதான் மீதியைச் சொன்னார். "தையில வாரேன், அதுக்குள்ள ஒருக்கா நின்னுச்சுன்னாலும் வித்துப்போடலாம், நீ பழையபடி முட்டைக்கே போங்கறாரு."

சாவி மறுபடி கொத்துக்கு வந்தது. மூன்றாம் நாள் காலை, பள்ளிக்குப் பக்கத்து வேகத்தடையில் கார் நின்றது. பின்னால் முட்டை வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அக்கா இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவில்லை. அன்று சாயங்காலம் எங்களை அழைத்துப்போக வந்தவர், நான் அதை நோட்டில் எழுதுவதை வகுப்பு ஜன்னல் வழியாகப் பார்த்தார். யாரும் கந்தப்பனுக்குப் போன் செய்யவில்லை.

அந்தச் சனிக்கிழமை காளிதாஸ் நோட்டைப் பார்க்க வேண்டும் என்றதால் நானும் கூடப் போனேன். பக்கத்து வீட்டு நல்லம்மாளிடம் மாட்டைப் பார்க்கச் சொல்லிவிட்டு வந்ததால், அன்று அக்கா பஸ்ஸுக்கு ஓடவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, சாவியைக் கொத்தோடு அப்படியே காரில் விட்டுவிட்டு டீ வாங்கப் போனார். காளிதாஸ் டிரைவர் சீட்டில் ஏறி, ஸ்டியரிங்குக்கு அடியில் பார்க்கக் குனிந்தார். அவர் முழங்கால் கொத்தில் இடித்தது. விளக்குகள் அணைந்து எஞ்சின் நின்றது.

அவர் நிமிர்ந்து கொத்தைப் பார்த்தார். மறுபடி ஸ்டார்ட் செய்து, கையால் கொத்தை ஆட்டினார். நின்றது. மூன்றாம் முறை ஆட்டினார். நிற்கவில்லை. நான்காம் முறையும் நிற்கவில்லை.

அக்கா டீயோடு வந்தபோது கொத்து காளிதாஸின் உள்ளங்கையில் இருந்தது. வாசல் கதவு, பீரோ, தீவன அறை, நல்லம்மாள் வீட்டு மாற்றுச் சாவி, விரல் நீளத்துக்கு மோட்டார் ரூம் இரும்புச் சாவி, பழனியில் வாங்கிய பித்தளை வேல்.

"என்னக்கா, ஊட்டையே கொண்டாந்து தொங்கவுட்டிருக்கறீங்க?"

"ஊட்ட வேற யாருகிட்டக் குடுத்துட்டு வாரது?"

சாவி போடும் சுவிட்ச் உள்ளே தேய்ந்திருக்கிறது, கனம் இழுத்து ஆடும்போது கரண்ட் விட்டுவிட்டு வருகிறது என்றார் காளிதாஸ். கந்தப்பனின் சட்டைப்பையில் தனியாகக் கிடந்த கார் சாவி எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆனால் அந்த நேர்சாலை? மூன்றாம் முறை ஏன் நிற்கவில்லை? "இதேதானுங்களா?" என்று கேட்டேன்.

"எப்படி அடிச்சுச் சொல்றதுங்க. முன்னாடி ஓட்டுனவங்க என்னத்தத் தொங்கவுட்டாங்களோ. சுவிச்சை மாத்திப் பாப்பம்."

மாற்றினார். இப்போது மார்கழி. கொத்து தினமும் பள்ளி போய்ச் சேரும்வரை என் மடியில் இருக்கிறது. கார் சாவி தனியாக இருக்கிறது. அதன் பிறகு கார் நிற்கவில்லை. ஒரே ஒருநாள் ரயில்வே கேட்டில் விளக்குகள் ஒருமுறை மங்கி வந்தன, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. அக்கா என்னைப் பார்த்தார். நான் சாலையைப் பார்த்தேன். அதை நோட்டில் எழுதுவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. கந்தப்பன் பொங்கலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டார்.

சுவிட்ச் மாற்றிய அன்று, காளிதாஸ் கடையிலிருந்து மெயின் ரோட்டில் ஏறுவதற்கு முன்னால் அக்கா காரை ஓரமாக நிறுத்தினார். கொத்தை எடுத்து முதல்முறையாக என் மடியில் வைத்தார்.

"அவரு வந்ததும் என்ன கோளாறுன்னு மொதல்ல உங்களத்தான் கேப்பாரு. இந்தத் தொறப்புக் கொத்துன்னு காதுல உழுந்துச்சுன்னா, 'பாத்தியா, உன்னாலதான்'னு ஆயுசுக்கும் சொல்லுவாரு. வண்டியையும் வித்துப்போடுவாரு. நீங்க பொய் சொல்ல வேண்டாம் சாமி. மொத நாளு போன்ல சொன்னீங்கல்ல, தெரியலைங்கன்னு. அதையே சொல்லுங்க."