சிவப்புப் பொத்தான்

பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, மல்லிகை வாசனை என்பார்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில். அங்கே இருந்தது மரத்தூள் வாசனை மட்டும்தான். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். கதை கட்டுகிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. நான் மரம் அறுக்கிறவள்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை. நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்துதான் வேலை செய்தோம். நடுவில் அறுப்பு மேஜை. மேஜையின் பிளவிலிருந்து வட்ட ரம்பம் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். என்னோடு இருந்ததைவிட அவர் அதோடு இருந்த நேரம்தான் அதிகம். அதனால் அதற்குச் சக்களத்தி என்று பெயர் வைத்திருந்தேன். "உன் சக்களத்திக்கு எண்ணெய் போட்டியா?" என்று அவரே கேட்பார்.

ஸ்விட்ச் பெட்டி மேஜைக்குக் கீழே இடது பக்கம், முழங்கால் உயரத்தில் இருக்கும். பச்சையை அமுக்கினால் ஓடும். சிவப்பை அமுக்கினால் நிற்கும். ரம்பம் ஓடும்போது இருவர் காதிலும் பஞ்சு. தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. நான் அறுக்கும்போது சட்டைக் கை தொங்கினாலோ, பலகையில் ஆணி தெரிந்தாலோ, அவர் எதுவும் பேசமாட்டார். இடது பக்கம் வந்து நின்று, சிவப்புப் பொத்தானில் முழங்காலால் ஒரு தட்டு.

டக்.

ரம்பம் நிற்கும். என் முகத்தைப் பார்ப்பார். நான் சட்டைக் கையை மடித்துக்கொள்வேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னைத் திட்டியது அவ்வளவுதான்.

ஒருநாள் காலையில், "மெஷினைத் தொடாத. இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனார். திரும்பி வரும்போது தெருமுனையில் விழுந்துவிட்டார். மாரடைப்பு. ஆஸ்பத்திரியில் ஒரு பையைக் கொடுத்து, அவர் சட்டை, செருப்பு, கையில் இருந்த சாமான் எல்லாம் இதில் இருக்கிறது என்றார்கள். நான் அதைப் பிரிக்கவில்லை. பிரித்தால் எல்லாம் உண்மையாகிவிடும் என்று பயம். பரணில் தூக்கிப் போட்டேன்.

பட்டறையில் ஒரு படிப்பு மேஜை சுவரில் சாய்ந்து நின்றது. மகளுக்காக அவர் செய்தது. மூன்று கால்கள் முடிந்திருந்தன. நான்காவதை அவர் அறுக்கவில்லை. மகள் தரையில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதினாள். மேஜை எங்கே என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

சில மாதங்கள் கழித்து, அவள் பள்ளிக்கூடம் போன பிறகு, பட்டறையைத் திறந்தேன். அந்த ஒரு காலையாவது நானே அறுத்துவிடலாம் என்று நினைத்தேன். அவருடைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். சுவரில் மெயினைப் போட்டேன். பச்சையை அமுக்கினேன். ரம்பம் சுற்றியது. கட்டையைத் தள்ளினேன்.

டக்.

நின்றுவிட்டது.

ஸ்விட்ச் பழுது என்று நினைத்தேன். மறுபடி அமுக்கினேன். ஓடியது. மறுபடி டக். எனக்குக் கோபம் வந்தது. சக்களத்தி தன் புத்தியைக் காட்டுகிறாள் என்று வாய்விட்டே திட்டினேன். அப்போதுதான் கவனித்தேன். சட்டைக் கை அவிழ்ந்து, ரம்பத்துக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

மடித்துக்கொண்டேன். அதன் பிறகு ரம்பம் ஒழுங்காக ஓடியது. கட்டைதான் கோணலாகப் போனது.

மறுநாள் வேறு கட்டை எடுத்தேன். பாதி அறுக்கும்போது டக். சட்டைக் கை மடித்துத்தான் இருந்தது. கட்டையைப் புரட்டிப் பார்த்தேன். ரம்பம் அடுத்துப் போக வேண்டிய இடத்தில் ஒரு ஆணி. துருப்பிடித்து மரத்தின் நிறத்திலேயே இருந்தது. அதில் பட்டிருந்தால் ரம்பத்தின் பல் பறந்து வந்து என் முகத்தில்...

தரையைப் பார்த்தேன். மேஜையைச் சுற்றி எங்கும் மரத்தூள். இடது பக்கம் மட்டும், ஸ்விட்ச் பெட்டிக்கு எதிரே, இரண்டு இடத்தில் தூளே விழவில்லை. ஒவ்வொன்றும் ஒரு செருப்பு அளவு.

ஓடிப்போய் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டேன். பயந்தேன் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். பயந்தேன்தான். ஆனால் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதது பயத்தினால் இல்லை.

அடுத்த நாள் வேண்டுமென்றே சட்டைக் கையை அவிழ்த்துவிட்டேன்.

டக்.

"நீங்களா?" என்று கேட்டேன்.

மறுபடி ஓட்டினேன். மறுபடி நின்றது. அன்றைக்கு எத்தனை முறை என்று நினைவில்லை. அதற்குப் பிறகு தினமும் போனேன். மேஜைக் காலை மறந்தேன். திட்டு வாங்கத்தான் போனேன். ஒருநாள் மகள் பட்டறை வாசலில் வந்து நின்று, வீணான கட்டைகளைப் பார்த்தாள். "அம்மா, மேஜை வேணாம்மா. நீ உள்ள வா" என்றாள். நான் போகவில்லை.

அன்று மழை இருட்டு. தகரத்தில் சடசடவென்று சத்தம். காதில் பஞ்சு வைக்கவில்லை. கையைக் காக்கிற தள்ளுகட்டையையும் எடுக்கவில்லை. ரம்பத்தை ஓடவிட்டு, வெறும் கையால் பலகையைத் தள்ளினேன்.

ஒரு சாண்...

நான்கு விரல்...

அவர் எவ்வளவு தூரம் விடுவார் என்று பார்க்க வேண்டும் போலிருந்தது.

ஒரு விரல்...

ரம்பத்தின் காற்று நகத்தில் பட்டது.

டக்.

எப்போதும் ரம்பம் மெல்லச் சுற்றிச் சுற்றித்தான் அடங்கும். அன்று சட்டென்று நின்றது.

ஆனால் சத்தம் நிற்கவில்லை.

டக். டக்.

டக் டக் டக்...

குனிந்து பார்த்தேன். சிவப்புப் பொத்தான் தானாக உள்ளே போனது. வெளியே வந்தது. மறுபடி உள்ளே போனது. நின்றுவிட்ட ரம்பத்தை யாரோ மறுபடி மறுபடி நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

கோபத்தில் இல்லை. பதறிப்போய்.

"போதும்" என்றேன். "மன்னிச்சுடுங்க. இனிமே செய்யமாட்டேன்."

நின்றது.

மெயினை அணைத்துவிட்டு வீட்டுக்குள் போனேன். மகளைக் கட்டிக்கொண்டு படுத்தேன்.

காலையில் கரண்ட் வேலை பார்க்கிறவரைக் கூப்பிட்டேன். அவர் என் வீட்டுக்காரருக்குச் சிநேகிதர், வயதில் சின்னவர். ஸ்விட்ச் அடிக்கடி நின்றுவிடுகிறது என்று மட்டும் சொன்னேன். மெயின் அணைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். பிறகு மெதுவாக என்னைப் பார்த்தார்.

"அண்ணி, இது நிக்கிற ஸ்விட்ச் இல்ல."

உள்ளே தகடுகள் உருகி, ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போயிருந்தன. திருப்புளியால் நெம்பிக் காட்டினார். பிரியவே இல்லை. "மெயினைப் போட்டதுமே ரம்பம் ஓடும். சிவப்பை எத்தனை தடவை அமுக்கினாலும் நிக்காது. இத்தனை நாளா எப்படி நிறுத்துனீங்க?"

நான் பச்சையை அமுக்கும்வரை ஒருநாளும் அது தானாக ஓடியதில்லை.

"அன்னைக்குக் காலையில அண்ணன் போன் பண்ணாரு" என்றார். "சிவப்பு வேலை செய்யல, வீட்டுல இவளும் அறுப்பா, பயமா இருக்குன்னாரு. புது ஸ்விட்ச் வாங்கி வைங்க, சாயங்காலம் வந்து மாட்டறேன்னேன். சாயங்காலம் வந்தப்போ..." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் அன்று வந்தது சாவு வீட்டுக்கு.

பரணிலிருந்து பையை இறக்கினேன். சட்டை இருந்தது. செருப்பு இருந்தது. அடியில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி, பிரிக்காமல். உள்ளே புது ஸ்விட்ச். ஒரு பச்சை, ஒரு சிவப்பு.

சிநேகிதர் அதை அரை மணி நேரத்தில் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கே நான்காவது காலை அறுத்தேன். ஆரம்பிக்கும் முன் சட்டைக் கையை அவிழ்த்துவிட்டு, ரம்பத்தை ஓடவிட்டு, தள்ளி நின்று காத்திருந்தேன். மரத்தூள் இடது பக்கமும் விழுந்தது. எல்லா இடத்திலும் விழுந்தது.

ரம்பம் நிற்கவில்லை.

நானே அணைத்தேன். சட்டைக் கையை நானே மடித்துக்கொண்டேன். மகள் இப்போது அந்த மேஜையில்தான் எழுதுகிறாள்.