ரசமட்டத்தின் முழங்கை

அவர் பூசிய சுவரில் ரசமட்டம் வைத்துப் பார்ப்பது சுவரைச் சோதிக்க அல்ல, ரசமட்டத்தைச் சோதிக்க என்று கட்டட வேலைக்காரர்கள் சொல்வார்கள். அதன் கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நடுவில் நிற்கவில்லையா, கருவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்க வேண்டியதுதான். அப்படி வந்து ஒட்டிக்கொண்டதுதான் ரசமட்டம் என்ற பட்டப்பெயர். ஐம்பத்தொரு வயதில், அவரைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது வாக்குச்சாவடியில் மட்டும்தான்.

சும்மா கிடைத்த பெயர் இல்லை அது. இருபது வயதில் கலவைச் சட்டி சுமக்க வந்தவர். பெண்கள் சுமக்கலாம், சாரத்தில் நின்று பூசக்கூடாது என்று எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. மதிய இடைவேளையில் மற்றவர்கள் கண்ணயரும்போது, மிஞ்சிய கலவையை அள்ளிக்கொண்டு போய்க் கழிப்பறைச் சுவர்களில் பூசிப் பழகினார். ஆறு மாதம் கழித்து மேஸ்திரிக்கு மூக்கில் வியர்த்தது. கட்டடத்திலேயே கழிப்பறை மட்டும் ஏன் இவ்வளவு நேராக இருக்கிறது என்று விசாரித்தார். விஷயம் வெளியே வந்தது. அன்றைக்கு ஏறியவர்தான், முப்பது வருடமாகச் சாரத்தை விட்டு இறங்கவில்லை.

ஏறிய அன்றே கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது. ஒரே ஒரு தடவை வலிக்குதுன்னு வாயைத் திறக்கட்டும், மறுபடியும் சட்டிதான் என்றது. அவர் வாயைத் திறக்கவில்லை. கட்டைவிரல் நகம் பெயர்ந்தபோதும் சரி, கலவை கண்ணில் தெறித்தபோதும் சரி, "ஒண்ணும் இல்ல" என்ற இரண்டு சொல்தான். அதைத் திமிர் என்பவர்கள் உண்டு. சாரத்தில் ஏறிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்ல மாட்டேன்.

ஆனால் முழங்கைக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாதே. வலது முழங்கையின் வெளிப்பக்கம் பதினான்கு மாதமாகக் குடைந்துகொண்டிருந்தது. தைலம், பட்டை, ஊசி எல்லாம் கணவருக்குத் தெரியாமல் நடந்தது. அவர் பள்ளி வேன் ஓட்டுபவர். கண்ணாடியில் பின்னால் பார்த்தே முப்பது பிள்ளைகளை அடக்கத் தெரிந்தவரிடம் எத்தனை நாளைக்கு மறைக்க முடியும்? மனைவி ஒரு மாதமாக டம்ளரை இடது கையில் எடுப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் கேள்வியே கேட்காமல் வேனில் ஏற்றி நேராக மருத்துவமனையில் கொண்டுபோய் இறக்கினார்.

வேறொரு நாளாக இருந்தால் ரசமட்டம் திரும்பி நடந்திருப்பார். நூலக வேலைதான் அவரை உட்கார வைத்தது. புதிய நூலகத்தின் வாசிப்பறைக்கு வளைந்த கூரை, பீப்பாயைப் பாதியாய் அறுத்துக் கவிழ்த்த மாதிரி. அதை ஒரே நாளில், ஒரே மூச்சில் பூசி முடிக்க வேண்டும். எங்கே நிறுத்தித் திரும்பத் தொடங்குகிறோமோ அங்கே ஒரு கோடு விழும். ஜன்னல் வெளிச்சம் பட்டால் அந்தக் கோடு ஊருக்கே தெரியும். வேலைக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. ஒப்பந்தக்காரர் அவரைவிடப் பத்து வயது இளையவர், நல்ல பிள்ளைதான், ஆனால் கண் கூர்மை. கையைப் பார்த்துவிட்டு, முடியாவிட்டால் பரவாயில்லை அக்கா, பலகை அடித்து வளைவை மூடிவிடலாம் என்றார். வளைவை மூடுவதா! அன்று இரவு ரசமட்டம் சாப்பிடவே இல்லை.

மருத்துவமனையில் இருந்த பிசியோதெரபிஸ்ட் முப்பதைத் தாண்டாத பெண், நிதானக்காரி. ஸ்கேனைக் காட்டி, எலும்போடு தசையை இணைக்கும் தசைநாண் நைந்துபோய், ஆறுவதை மறந்துவிட்டது என்று விளக்கினாள். ஷாக்வேவ் கொடுக்கலாம் என்றாள். ஷாக் என்றதும் வேன்காரர் முகம் வெளுத்துவிட்டது. மின்சாரம் இல்லை, வெறும் அழுத்த அலைதான், அந்த இடத்தைத் தட்டித் தட்டி ஆறும் வேலையை மறுபடி தொடங்க வைக்கும் என்று அவள் தேற்றினாள். வாரத்துக்கு ஒரு தடவை, பிறகு மாதக்கணக்கில் பயிற்சி. எல்லோருக்கும் கேட்கும் என்று உறுதி கொடுக்க முடியாது என்பதையும் மறைக்கவில்லை. மரத்துப்போகும் ஊசி கிடையாது, வலிக்கிற இடத்தை நீங்கள் சொன்னால்தான் நான் அங்கே அடிக்க முடியும் என்பதை இரண்டு தடவை சொன்னாள்.

யாரிடம் சொல்கிறாள் பாருங்கள்.

துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. பசையைத் தடவி முழங்கையில் வைத்து அழுத்தியதும் டக்டக்டக்கென்று இரண்டாயிரம் தட்டு. இங்கே வலிக்கிறதா என்றாள். ஒண்ணும் இல்ல. இங்கே? ஒண்ணும் இல்ல. சரியான இடத்தில் பட்டபோது ரசமட்டத்துக்கு உச்சந்தலை வரை வெட்டி இழுத்தது. அப்போதும் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு, ஒண்ணும் இல்ல என்றார். அவள் நம்பி, கருவியை அந்த இடத்திலிருந்து நகர்த்திக்கொண்டாள். மூன்று வாரம் இதே கூத்து. ஆறாயிரம் தட்டும் வலியில்லாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. வேறு யாராவது செய்வார்களா இந்தத் தப்பை? காலை உடைத்துக்கொண்டவன்கூட காலைத்தானே காட்டுவான்.

நான்காவது வாரம் அவர் முறை வர நேரமாகியது. நடைபாதையில் நின்றவர், பழக்க தோஷம், சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் சத்தம் மாறியது. பின்னலுக்குள் எப்போதும் செருகியிருக்கும் பென்சிலை உருவி, அந்த இடத்தைச் சுற்றிக் கட்டம் போட்டார். வெளியே வந்த பிசியோதெரபிஸ்ட் புது வெள்ளையில் பென்சில் கோட்டைப் பார்த்துத் திகைத்துப் போனாள்.

"இதுக்குள்ள பூச்சு சுவரைப் பிடிக்கல. இந்த மழைக்குள்ள விழுந்துரும். ஆளை விட்டுப் பேர்த்துப் பூசச் சொல்லுங்க," என்றார் ரசமட்டம்.

வெளியே கீறல்கூட இல்லையே, எப்படித் தெரியும் என்று அவள் கேட்டாள்.

"தட்டினா சுவர் சொல்லிரும்மா. சுவர் பொய் சொல்லாது."

அவள் சிரிக்கவில்லை. கட்டத்துக்குள்ளேயும் வெளியேயும் தானும் ஒரு தடவை தட்டிப் பார்த்தாள். "நானும் மூணு வாரமா தட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றாள். குரலில் குற்றச்சாட்டு இல்லை, களைப்புதான் இருந்தது.

ரசமட்டத்துக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. தன்னைப்போலவே தட்டிப் பார்த்துப் பிழைக்கிற ஒருத்தியிடம் பொய்ச் சுவராக நின்றிருக்கிறோம் என்பது வலியைவிட அதிகமாகச் சுட்டது. உள்ளே போய் உட்கார்ந்தார். தானே முழங்கையை அழுத்தி அழுத்திப் பார்த்தார். பென்சிலை எடுத்து நாணயம் அளவுக்கு ஒரு வட்டம் போட்டார்.

"இங்க. வலிக்குது. உயிரே போகுது."

முப்பது வருடத்துக்குப் பிறகு அந்த வார்த்தை. யாரும் சட்டியை எடுத்துத் தலையில் வைக்கவில்லை. அவள் வட்டத்தின் மேல் பசையைத் தடவி வேலையைத் தொடங்கினாள். ரசமட்டம் ஒவ்வொரு தட்டுக்கும் வாய்விட்டுத் திட்டினார். வாசலில் உட்கார்ந்திருந்த வேன்காரர் இவ்வளவு வார்த்தை இவளுக்குத் தெரியுமா என்று மூக்கின் மேல் விரலை வைத்தார்.

அப்புறம் நான்கு வாரம் அதே வட்டம். ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் கை கூடுதலாகவே வலித்தது. வீட்டில் தினமும் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து மணிக்கட்டை மெதுவாக இறக்கும் பயிற்சி. ரசமட்டமே எண்ணினால் எண்ணிக்கை குறையும் என்று வேன்காரர் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினார். மூன்றாவது மாதம் ஒரு காலையில் நிறைத்த பானையை வலது கையால் இறக்கி வைத்துவிட்டு, இறக்கியது எந்தக் கை என்று ரசமட்டமே திரும்பிப் பார்த்தார். முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் கை அவர் சொன்னதைக் கேட்கத் தொடங்கியிருந்தது.

வளைவு பூசும் நாள் வந்தது. சாரத்தில் நான்கு ஆண்கள், தலைமைக்கு அவர். விடிந்ததும் தொடங்கி வளைவின் முக்கால்வாசியைத் தாண்டியாயிற்று. அப்போதுதான் முழங்கை பிடித்தது. பழைய ரசமட்டமாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பூசியிருப்பார், பூச்சு அலைபாய்ந்திருக்கும். கரண்டியைத் தட்டில் வைத்தார்.

"வலிக்குது. பத்து நிமிஷம்."

நான்கு கரண்டியும் அந்தரத்தில் நின்றன. கீழே நின்ற ஒப்பந்தக்காரர் தலையில் கை வைத்தார். ரசமட்டம் உட்கார்ந்தபடியே உத்தரவு போட்டார். இரண்டு பேர் நனைத்த தூரிகையால் ஓரம் காயாமல் பார்த்துக்கொண்டார்கள், மற்ற இருவர் கலவையைக் கிளறிக்கொண்டே இருந்தார்கள். இறங்கு என்று ஒருவரும் சொல்லவில்லை. நால்வரில் மூத்தவர் மட்டும் பக்கத்தில் வந்து குனிந்து, தனக்கும் தோள்பட்டை இரண்டு வருடமாக இப்படித்தான், எந்த மருத்துவமனை என்று ரகசியமாகக் கேட்டார். பத்தாவது நிமிடம் ரசமட்டம் எழுந்தார். சாயங்காலத்துக்குள் வளைவு முடிந்தது.

மறுநாள் ஒப்பந்தக்காரர் விளக்கும் குச்சியுமாக ஏறினார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, வளைவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தடவினார், தட்டினார், விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். நிறுத்தின இடத்தில் கோடு இருந்தே ஆக வேண்டும், இல்லாமல் எப்படி என்று புலம்பினார். சத்தம் எங்கும் ஒரே மாதிரி கேட்டது. கடைசியில் தோற்றுப்போய்க் கீழே எட்டிப் பார்த்து, சரியாக எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் என்று நீங்களே சொல்லிவிடுங்கள் அக்கா என்றார்.

ரசமட்டம் முழங்கையைத் தடவிக்கொண்டே அண்ணாந்து பார்த்தார்.

"வலிக்கிற இடத்தைக் கேளு தம்பி, சொல்றேன். நிறுத்தின இடத்தை மட்டும் சொல்ல மாட்டேன்."