கழுத்தில் கூடிய கூட்டம்

டாக்டர் இரண்டு வாக்கியம் சொன்னார். என் கணவர் முதல் வாக்கியத்தோடு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். இன்றைக்கும் என் ஆத்திரம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

இரண்டாயிரத்து எட்டு, ஆடி மாதம். என் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு எடுத்துப் பார்த்து, தைராய்டில் புற்று என்று சொல்லிவிட்டார்கள். டாக்டர் சொன்ன முதல் வாக்கியம், கட்டியைச் சுற்றி வெள்ளையணுக்கள் ஏராளமாகக் கூடியிருக்கின்றன, பல பேருக்கு அது நல்ல அறிகுறிதான் என்பது. இரண்டாவது, அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது, சீக்கிரம் சுரப்பியை எடுத்துவிட வேண்டும் என்பது. கடலூருக்குத் திரும்பும் பஸ்ஸில், ஆலப்பாக்கம் வருவதற்குள், இரண்டாவது வாக்கியம் என் கணவர் மனதில் இருந்து இறங்கிப் போய்விட்டிருந்தது.

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வாடகை வீட்டில் மாமியார் காத்துக்கொண்டிருந்தார். நாத்தனாருக்குத் தை மாதம் கல்யாணம் பேசியிருந்தது. மாமியார் கெட்டவர் இல்லை. எனக்கு டைபாய்டு வந்தபோது பக்கத்திலேயே படுத்திருந்தவர். ஆனால் கட்டி என்றதும் அவர் என் கழுத்தைப் பார்க்கவில்லை, பெண்ணின் கல்யாணத்தைத்தான் பார்த்தார்.

"கழுத்துல கட்டுப் போட்டுக்கிட்டு நீ மணவறைகிட்ட நின்னா, மாப்ள வீட்டுல என்னா ஏதுன்னு கேக்க மாட்டாங்களா? தை முடியட்டும்மா."

நான் முடியாது என்றேன். அப்போதுதான் என் கணவர் அந்த ஆயுதத்தை எடுத்தார். நான் முதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் ஆசிரியை. வெள்ளையணுக்கள் உடம்பின் படைவீரர்கள் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிறவள்.

"நீதான பாடம் எடுக்குற? படையே வந்து நிக்குதுன்னு டாக்டரே சொல்றாரு. நமக்கு என்னா அவசரம்?" என்றார்.

பாடப் புத்தகத்தில் இருக்கும் உவமையை வைத்து ஒருத்தியின் கழுத்தை அறுக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அறுக்காமல் விடவும் முடியும்.

தனியாகப் போய் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று பிறகு என்னைக் கேட்டவர்கள் உண்டு. கேட்பார்கள், சுலபமாக. போனேன். கூட ஆள் யாரும் இல்லையா, வீட்டுக்காரரை அழைத்து வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும், பக்கத்தில் இருக்க ஆள் வேண்டும். என் பெற்றோர் உயிரோடு இல்லை. கழுத்து என்னுடையது, நாள் குறிக்கும் உரிமை மட்டும் இன்னொருவருடையது.

ஆவணியில் நிச்சயம். ஐப்பசியில் தீபாவளி. தையில் குறிஞ்சிப்பாடியில் கல்யாணம். உயரக் காலர் வைத்த ரவிக்கை தைத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று சந்தனம் கொடுத்தேன். மாசியில் புதுப்பெண் மாப்பிள்ளைக்கு விருந்து. பங்குனியில் பரீட்சை. இதற்கிடையில் விஷயம் தெரிந்த சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக வந்து, ஒன்றும் ஆகாது என்று சொல்லி, சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். வந்த அத்தனை பேருக்கும் காபி போட்டது நான்.

பங்குனிக் கடைசியில் தலைவாரும்போது கழுத்தின் பக்கவாட்டில் புதிதாக இரண்டு முடிச்சுகள் கைக்குத் தட்டின. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். சேர்க்கமாட்டோம் என்றால் வார்டு வாசலிலேயே உட்கார்ந்துவிடுவது என்றிருந்தேன். விஷயம் தெரிந்து என் கணவர் ஓடிவந்து அதே பஸ்ஸில் ஏறினார். சிதம்பரத்தில் சேர்க்கைப் படிவத்தில் அவரே கையெழுத்துப் போட்டார்.

சித்திரையில் அறுவை சிகிச்சை. கண் விழித்துத் தண்ணீர் கேட்டேன். காற்று மட்டும் வந்தது. குரலுக்குப் போகிற நரம்பைக் கட்டி சுற்றிப் பிடித்திருந்ததாகவும், ஒரு பக்கத்து நரம்பைக் காப்பாற்ற முடியவில்லை என்றும் டாக்டர் சொன்னார். நாள் போகப் போகக் கொஞ்சம் தேறும் என்றார். தேறியது. இப்போது என் பேச்சு பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்கும்.

எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டியிருந்தது. தையல் பிரித்த அன்று டாக்டரிடம் கேட்டேன், ஆடியிலேயே செய்திருந்தால் குரல் தப்பியிருக்குமா என்று. அவர் நேர்மையான மனிதர். சொல்ல முடியாதும்மா, அப்போதே ஒட்டியிருந்திருக்கலாம், ஒட்டாமலும் இருந்திருக்கலாம் என்றார். அந்த நேர்மையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. தப்பியிருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அதை வீட்டுச் சுவரில் எழுதி மாட்டியிருப்பேன்.

உயிரியல் ஆசிரியை என்று சொன்னதால், சோதனைக்கூடத்து டாக்டரம்மா என் கட்டியின் சீவலை மைக்ராஸ்கோப்பில் பார்க்க விட்டார். சாயம் ஏற்றியதில் நீலப் புள்ளிகள். கடுகைக் கொட்டினது போல அத்தனை வெள்ளையணுக்கள், கட்டியைச் சுற்றியும் உள்ளேயும். இவ்வளவு பேர் வந்து நின்றும் என்ன கிழித்தீர்கள் என்று அந்தக் கண்ணாடித் துண்டைப் பார்த்துத் திட்டத் தோன்றியது.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். எல்லா வெள்ளையணுவும் சண்டை போடுவதில்லை. சண்டை போடுகிறவற்றைத் தடுத்து நிறுத்துகிற வகையும் உண்டு. சிலவற்றைக் கட்டியே தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். வருஷக்கணக்கில் நீடிக்கிற அழற்சி, அதாவது இந்தக் கூட்டம் கூடிக்கொண்டே இருப்பது, சில சமயம் கட்டிக்கே தீனி போட்டுவிடும். சில சமயம் அடக்கியும் வைக்கும். உங்களுக்கு எது நடந்தது என்று இந்தச் சாயத்தை வைத்துச் சொல்ல முடியாது என்றார். எனக்கு எங்கள் வீட்டுக் கூடமும் காபி டம்ளர்களும் ஞாபகம் வந்தன. அதன் பிறகு படைவீரர்கள் என்ற சொல்லை நான் வகுப்பில் சொல்லவில்லை. சொல்லும்படியான வகுப்பும் இல்லை. கடைசி பெஞ்சுக்குக் குரல் எட்டாதவளைத் தலைமையாசிரியை பஸ் பாஸ் விண்ணப்பங்களைப் பார்க்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்.

நான் சாகவில்லை. சோதனைகள் எல்லாம் சுத்தமாக வந்தன. அதுதான் என் கணவருக்கு வசதியாகப் போயிற்று. பார்த்தியா, காத்திருந்ததால் என்ன கெட்டுவிட்டது என்று முதலில் ஜாடையாகச் சொன்னவர், பிறகு வெளிப்படையாகவே சொல்ல ஆரம்பித்தார். நான் பதில் சொன்னால் அடுத்த அறைக்குப் போவதற்குள் தேய்ந்துவிடும். சண்டை போடக்கூடக் குரல் வேண்டும் என்பதைச் சண்டைக்காரியான நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் நாத்தனார் பையனுக்குக் காதுகுத்து. கணவருக்கு மாமா முறையாகிறவர் ஒருவர், முகம் வாடிப்போய் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மகள், கழுத்தைச் சுற்றித் துப்பட்டா. அவளுக்கும் தைராய்டில் அதே வகைக் கட்டி, உடனே ஆபரேஷன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் மாப்பிள்ளை வீடு பார்த்துக்கொண்டிருக்கிற நேரம் என்று அவர் மென்று விழுங்கினார்.

"ஒண்ணும் பயப்படாதீங்க மாமா. எங்க வூட்டுல வருஷம் முச்சூடும் தள்ளிப்போட்டோம். அவளுக்கு என்னா ஆயிடுச்சி? நல்லாதான இருக்கா," என்றார் என் கணவர்.

அந்தப் பெண்ணின் முகம் தெளிந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு உச்சந்தலை வரை பத்திக்கொண்டு வந்தது. எதிர் வரிசையிலிருந்து, வேண்டாம், தள்ளிப்போடாதீங்க என்று முழு மூச்சையும் சேர்த்துக் கத்தினேன். மேளச் சத்தத்தில் ஒருவரும் திரும்பவில்லை. எழுந்து போய் மாமாவுக்கு முன்னால் குனிந்து நின்றேன்.

"எனக்கு என்னா ஆச்சின்னு நான் சொல்றேன் மாமா," என்றேன்.

அவர் காதில் கையைக் குவித்துக்கொண்டு என் வாயையே பார்த்தார். பிறகு என் கணவர் பக்கம் திரும்பி, "என்னாடா சொல்லுது? ஒண்ணும் கேக்கலியே," என்றார்.

அந்தப் பெண் மட்டும் துப்பட்டாவைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் காதோடு சொன்னேன்.

"கேக்கலன்னு சொல்றாரு பாரு. அதான் எனக்கு ஆச்சி. நீ நாளைக்கே போ."