பின் சீட்டில் கஞ்சிப் பானை

ஹூஸ்டனை ஒட்டிய கேட்டியில் எட்டு வருஷமாகக் குடியிருக்கிற கமருன்னிசாவுக்கு வாயும் பெரிது, கஞ்சிப் பானையும் பெரிது. நாற்பது பேருக்கு நோன்புக் கஞ்சியை ஒற்றை ஆளாகக் காய்ச்சி இறக்குவாள். கார் லைசென்ஸும் வைத்திருந்தாள். ஆனால் கார்கள் பறக்கிற ஃப்ரீவே பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டாள்.

புருஷன் சேக் தாவூத் சாது. அவருக்கு இருந்த ஒரே கிறுக்கு, தான் எம்.எஸ். படித்த காலேஜின் அமெரிக்கன் ஃபுட்பால் டீம். அது ஜெயித்து அவர் நேரில் பார்த்ததே இல்லை. இரண்டாயிரமாவது வருஷம் டிசம்பரில் அந்த டீம் தட்டுத் தடுமாறி ஒரு பௌல் ஆட்டத்துக்கு வந்துவிட்டது. சீசன் முடிந்தபின், சுமாரான டீம்களையும் கூப்பிட்டு வைத்து நடத்துகிற ஆட்டம். அதுவும் ஹூஸ்டனிலேயே. அன்றைக்கென்று பார்த்து, ஹாலில் எல்லாரும் கூடி நோன்பு திறக்கிற இஃப்தாருக்குக் கஞ்சி கொண்டுபோகிற முறை இவர்களுடையது.

"ஒரு மணிக்கு ஸ்டார்ட் பண்ணா நாலுக்கு முடிஞ்சுடும் கமரு. அப்படியே ஹாலுக்குப் போயிடலாம்."

"பானை?"

"கார்லயே இருக்கட்டும்."

மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டி, பானையைப் பின் சீட்டில் உட்காரவைத்து சீட் பெல்ட் போட்டாள்.

மைதானத்தில் பாதி நாற்காலி காலி. மீதியில் இருந்தவர்கள் எல்லாம் தின்றுகொண்டிருந்தார்கள். கீழே தடிப்பயல்கள் ஒருவன்மேல் ஒருவன் விழுவதும், எழுந்து வட்டமாக நின்று பேசுவதுமாக இருந்தார்கள்.

"ஆடுறதவிட பேசுறதுதான் ஜாஸ்தி. என்ன பஞ்சாயத்து?"

"பிளான் பண்றாங்க."

"இத்தன வருஷம் தோத்ததும் பிளான் பண்ணித்தானா?"

நாலே கால் ஆனது. ஸ்கோர் பலகையில் இரண்டு நிமிஷம் பாக்கி. கமருன்னிசா பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள். கால் மணி நேரம் நின்றாள். பலகையில் இன்னும் ஒன்றரை நிமிஷம்.

"ஏங்க, கடிகாரம் ரிப்பேரா?"

"க்ளாக்க நிப்பாட்டி நிப்பாட்டித்தான் ஆடுவாங்க."

"சூரியன யாரு நிப்பாட்டுவா? அஞ்சரைக்கு நோம்பு தொறக்கணும். நாப்பது பேரு வெறுங் கோப்பைய வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க!"

கடைசி வினாடியில் தாவூத் டீம்காரன் ஒருவன் பந்தை உதைத்து ஸ்கோரைச் சமமாக்கிவிட்டான். இனி யாராவது ஜெயிக்கும்வரை ஆட்டமாம். மணி நாலு நாற்பது.

தாவூத் கார் சாவியை எடுத்தார். கண்ணை மைதானத்திலேயே வைத்துக்கொண்டு, படியில் பின்பக்கமாகவே இறங்கினார். மூன்றாவது படியில் தடுக்கினார்.

"இந்த மூஞ்சியக் கொண்டுபோய் வச்சா கஞ்சி திரிஞ்சுபோயிடும். சாவியக் குடுங்க. இருந்து பார்த்துட்டே வாங்க."

"ஃப்ரீவே கமரு!"

"தெரியும். பிஸ்மி சொல்லிட்டு ஓட்டுறேன்."

நாற்பத்தைந்து மைலுக்கு மேல் மிதிக்கவில்லை. பின்னால் வந்தவனெல்லாம் ஹாரன் அடித்தான். "நோம்பாளியப் பார்த்தா ஹாரன் அடிக்கிற, எடுபட்டவனே?" என்று கண்ணாடியைப் பார்த்துத் திட்டினாள். நோன்போடு திட்டக்கூடாது என்று ஞாபகம் வந்தது. மன்னிப்புக் கேட்டு அஸ்தஃபிருல்லா சொன்னாள். அடுத்த ஹாரனுக்கு மறுபடியும் திட்டினாள்.

ஐந்து இருபத்தெட்டுக்கு ஹால் வாசலில் கார் நின்றது. ஒரு சொட்டு சிந்தவில்லை.

அந்தி மஃரிப் தொழுது எல்லாரும் கலைகிற நேரம், முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரனின் ட்ரக்கிலிருந்து தாவூத் இறங்கினார். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது.

"ஜெயிச்சுதா?"

"மூணாவது ஓவர்டைம்ல போச்சு."

"நோம்ப எதுல தொறந்தீங்க?"

"அந்த ஆளு தண்ணி குடுத்தான். அவனும் அழுதான்."

கமருன்னிசா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "கஞ்சி தீந்துபோச்சு. அடியில ஒட்டுனது இருக்கு. சுரண்டித் தின்னுட்டுப் பானையக் கழுவுங்க. வீட்டுக்கு நான்தான் ஓட்டுவேன்."