ஸ்பேனர் திரும்பும் இடம்

அந்த அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எட்டுவாரம் என்றுதான் கூப்பிட்டார்கள். இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் முடிந்த விடுமுறையில் எட்டு வாரப் பயிற்சிக்கு வந்தவள் என்பதால் அந்தப் பெயர். போன வருடம் வந்தவன் ஆறுவாரமாம். "எட்டுவாரம், பிரின்ட்டர்ல தாள் தீந்து போச்சு பாரு" என்று யாராவது குரல் கொடுத்தால் அவளுக்குக் கோபமா வந்தது? கால் தரையில் பாவாமல் ஓடினாள். அவர்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள். அப்பா வீட்டுச் சாமான் கடை ஒன்றில் டெலிவரி வேன் ஓட்டுகிறார். அம்மா தையல்காரி. இப்படி ஓர் அலுவலகத்துக்குள் என்ன நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல அவளுக்கு ஆளே இல்லை. அதனால் தாள் தீர்ந்துபோனதுகூட அவளுக்குச் செய்திதான்.

டயர் கடைக்கு மேலே இரண்டாம் மாடி. ஒன்பது மேசை, மேசைக்கு இரண்டு திரை. பாட்டிலுக்கு மூடி திருகும் இயந்திரம், அட்டையை மடித்துப் பெட்டியாக ஒட்டும் இயந்திரம், இதெல்லாம் இரும்பாகப் பிறப்பதற்கு முன்னால் கோடாகப் பிறக்கும் இடம் அது. கீழே யாராவது லாரி டயரைத் தரையில் போட்டால் மேலே டீ டம்ளர்கள் எல்லாம் ஒரு ஆட்டம் ஆடி நிற்கும்.

வரைபடங்களைச் சரிபார்ப்பவருக்கு மஞ்சள் சார் என்று பெயர். அவர் மேசையில், அணைந்தே கிடக்கும் திரைகளைத் தவிர, ஒரு மஞ்சள் பென்சில், ஒரு சிவப்புப் பென்சில், வேறொன்றும் இருக்காது. திரையில் காட்டினால் திரும்பியே பார்க்க மாட்டார். தாளில் அச்சடித்து வர வேண்டும். ஒவ்வோர் அளவாகக் கணக்குப் போட்டுப் பார்ப்பார். சரியென்றால் அந்த எண்ணின் மேல் மஞ்சள் பூசுவார். தப்பென்றால் சிவப்பால் ஒரு வட்டம். ஒரு வார்த்தை திட்ட மாட்டார். அந்த வட்டத்தைக் கண்டால் பன்னிரண்டு வருடம் அங்கே வேலை பார்த்தவர்களே தாளைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள்.

நான்காம் வாரக் கடைசியில் மேடம் அவளைக் கூப்பிட்டார். அலுவலகத்தின் முதலாளி அவர்தான்.

"மூடி திருகற மெஷினுக்கு, மோட்டார் உட்கார ஒரு தாங்கி வேணும். நீ வரைஞ்சு குடு."

"நானா மேடம்?"

"பின்ன, சும்மா தாள் போட்டுக்கிட்டே இருக்கப் போறியா? இன்னொண்ணு. பயிற்சிக்கு வந்தவங்க எழுத்த 'வரைந்தவர்' கட்டத்துல போடற வழக்கம் இங்க இல்ல. மஞ்சள் சார்கிட்டேர்ந்து ஒரு சிவப்பு இல்லாம தாள் வந்துச்சுன்னா, உன் எழுத்த போட்டுக்க. இல்லன்னா சுருட்டையோட எழுத்து போகும்."

சுருட்டை என்பவன் பக்கத்து மேசைக்காரன். தலைமுடியால் வந்த பெயர். "என் எழுத்து எப்பவும் ரெடி" என்றான் அவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

வரைபடத்தின் வலது கீழ்மூலையில் இருக்கும் சின்னக் கட்டம் அது. இரண்டு எழுத்துக்குத்தான் இடம். ஒன்று அவளுடையது. அதற்கு முன்னால் நிற்கும் இனிஷியல் அப்பாவுடையது. அன்று பஸ்ஸில் வீடு போகும்வரை அந்த இரண்டு எழுத்தையும் விரலால் முழங்கால்மேல் எழுதிக்கொண்டே போனாள். எழுதும்போதே சந்தேகமும் வந்தது. இதற்கெல்லாம் நான் லாயக்கா, அல்லது இரக்கப்பட்டுக் கொடுத்திருக்கிறார்களா?

முதல் தாளில் பதினொரு சிவப்பு வட்டம். கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். இரண்டாவதில் நான்கு. ஏழாம் வாரம் செவ்வாய்க்கிழமை, வேலை முடியும் நேரத்தில் மூன்றாவது தாள் திரும்பி வந்தது. முன்பக்கம் பார்த்தாள், பின்பக்கமும் திருப்பிப் பார்த்தாள். தாள் முழுக்கக் கடுகுப் பூ பூத்தமாதிரி மஞ்சள். ஒரு பொட்டு சிவப்பு இல்லை.

"அடிச்சுட்டியே எட்டுவாரம்" என்றான் சுருட்டை. உண்மையாகவே சந்தோஷப்பட்டான், மறைத்துக்கொள்ளத் தெரியவில்லை அவனுக்கு.

நாளை பன்னிரண்டு மணிக்கு இரும்பு வெட்டும் பட்டறைக்கு அனுப்ப வேண்டும் என்றார் மேடம். அவள் கட்டத்தில் இரண்டு எழுத்தையும் போட்டுவிட்டு, திரையை அணைக்க மனமில்லாமல் அணைத்துவிட்டுக் கிளம்பினாள்.

வீட்டில் செருப்பைக் கழற்றுவதற்குள் பாதிக் கதையைச் சொல்லி முடித்துவிட்டாள்.

"மூணு வாரமா தாங்கி தாங்கின்னு எங்கள தாங்க முடியாம பண்ணிட்ட" என்றாள் அம்மா, தையல் மிஷினிலிருந்து. "அது எப்படித்தான்டி இருக்கும்?"

தாளில் வரைந்து காட்டினாள். அப்பா அதை மூன்று தடவை சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இது மேலேர்ந்து பாத்ததா, பக்கத்துலேர்ந்தா?"

"ரெண்டும்தான்ப்பா."

"ஒரே நேரத்துல ரெண்டு பக்கமும் நின்னு பாக்க நமக்கு தெரியாது."

கதவுக்குப் பின்னால் ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி ஒன்று சாய்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு யோசனை வந்துவிட்டது. அளவு பிசகாமல் வெட்டிக் காட்டிவிட்டால்? மிஷின்மேல் இருந்த கத்தரிக்கோலை எடுத்தாள்.

"துணி வெட்டற கத்தரிய வெச்சுடு. அட்டைய ஒரு தடவ வெட்டினா, ஒரு வருஷத்துக்கு துணிய மெல்லும் அது."

காய் நறுக்கும் கத்தி கிடைத்தது. அம்மாவே இஞ்சு டேப்பை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவளால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. "அகலம் நூத்தி இருவது மில்லின்னா?" "நாலே முக்கால் இஞ்சுக்கு ஒரு துளி குறைய." அடி இல்லாத ஒரு பெட்டி உருவானது. மேலே ஒரு தட்டு. அதன்மேல் மோட்டார் உட்காரும். இரண்டு பக்கமும் சுவர், பின்னால் ஒரு சுவர், முன்பக்கம் திறப்பு. மோட்டாரைப் பிடித்துக்கொள்ள நான்கு போல்ட், உள்ளேயிருந்து மேல்நோக்கி ஏறும். மோட்டாருக்குப் பதில் சர்க்கரை டப்பாவை வைத்தாள்.

அப்பாவுக்கு உற்சாகம் பற்றிக்கொண்டது. கீழே வேனுக்குப் போய் இரண்டு போல்ட்டும் ஒரு பதினேழாம் நம்பர் ஸ்பேனரும் கொண்டுவந்தார்.

"நாலு போல்ட்டுப்பா."

"இருக்கறது ரெண்டு. முன்னால மாட்டி பாத்துட்டு, அப்புறம் பின்னால மாட்டுவோம்."

முன்பக்கத்து இரண்டும் சுகமாகத் திரும்பின. "அட, ஜோரா இருக்கே" என்றார். அவற்றைக் கழற்றிப் பின்பக்கத்து ஓட்டைகளில் வைத்துவிட்டு, ஸ்பேனரைப் பிடித்த கையை உள்ளே விட்டார். கை போனது. ஸ்பேனர் போல்ட் தலையைக் கவ்விக்கொண்டது. திருப்பினார். விரல் முட்டிகள் சுவரில் இடித்து அட்டை வெளிப்பக்கம் புடைத்தது.

"இது இரும்பா இருந்தா இப்படி புடைக்காது, இல்ல?"

இடது கையால் பார்த்தார். ஸ்பேனரைப் புரட்டிப் பிடித்துப் பார்த்தார். போல்ட் இம்மியும் நகரவில்லை. கையை வெளியே எடுத்து முட்டிகளைத் தேய்த்துக்கொண்டு, கூச்சத்துடன் சிரித்தார்.

"எனக்குத்தான் பிடிக்க தெரியல போல. உங்க ஆபீஸ்ல இதுக்குன்னு தனியா வேற ஸ்பேனர் இருக்கும்."

ஆமாம்ப்பா, உங்களுக்குத்தான் தெரியவில்லை என்று சொல்லிவிட அவளுக்கு ஆசையாக இருந்தது. அப்பா மறுபேச்சில்லாமல் நம்புவார். அவருக்குத் தெரியாத எத்தனையோ விஷயங்களைப் படித்தவள் அவள். இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்வார். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு தன் கையை உள்ளே விட்டாள். சின்னக் கை. அதுவும் திரும்பவில்லை. திரையில் போல்ட்டுக்குக் கையே வேண்டாம்; ஒரு பட்டனை அமுக்கினால் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். மூன்று வாரம் எல்லாவற்றுக்கும் அளவு பார்த்தவள், அதை மாட்டப்போகிற ஆளின் கையை ஒரு நாள்கூட நினைத்துப் பார்க்கவில்லை.

"அந்த மஞ்சள்காரர் பாத்து சரின்னுட்டார்ல? அப்புறம் என்ன?" என்றாள் அம்மா.

"அவர் எண்கள பாத்தார்மா. எண்ணெல்லாம் சரிதான்."

"புரியுது புரியுது. சட்டைக்கு எல்லா அளவும் சரி, தலைதான் நுழையாது."

அவள் கத்தியைக் கழுவி வைத்தாள். நாளை ஆபீஸில் வாயைத் திறந்தால் அந்தத் தாளில் சிவப்பு விழும். சிவப்பு விழுந்தால் கட்டம் போய்விடும். திறக்காவிட்டால் இரும்பு வெட்டி வந்து, யாரோ ஒருவர் இப்படித்தான் முட்டியைத் தேய்த்துக்கொண்டு, எனக்குத்தான் தெரியல போல என்பார்.

காலையில் அட்டைத் தாங்கியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தாள். பக்கத்துச் சீட்டுப் பெரியவர் குனிந்து பார்த்தார். "உள்ள பூனைக்குட்டியா?"

"இல்ல. மோட்டார் தாங்கி."

அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

மஞ்சள் சார் மேசையில் அட்டையை வைத்து, அப்பாவின் ஸ்பேனரைப் பக்கத்தில் வைத்தாள். "சார், பின்னால ரெண்டு போல்ட்டுக்கு கை திரும்பல." சொன்னது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே விட்டார். திருப்பினார். அட்டை புடைத்தது. இன்னொரு தடவை. கீழே டயர் விழுந்து டம்ளர்கள் ஆடி நின்றன. மெதுவாகக் கையை எடுத்தவர், கோப்பிலிருந்து நேற்று மஞ்சள் பூசிய தாளை உருவி, சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். எந்த எண்ணின் மேலும் இல்லை. இரண்டு சுவருக்கும் நடுவே ஒன்றுமே எழுதாத வெற்றிடத்தில்.

"போச்சா? அப்ப என் எழுத்தா?" என்றான் சுருட்டை. ஆனால் குரலில் சுரத்தில்லை.

மேடம் எழுந்து வந்து அட்டைக்குள் தானும் கையை விட்டுப் பார்த்தார். "எழுத்த அப்புறம் பாப்போம். பன்னண்டு மணிக்கு பட்டறைக்கு போகணும். என்ன பண்ண போற?"

"பக்கத்து சுவர் ரெண்டுலயும் ஒரு சன்னல் வெட்டிடலாம் மேடம். ஸ்பேனர வெளியிலேர்ந்து விட்டுக்கலாம்." பஸ்ஸில் யோசித்ததுதான். சொன்ன பிறகுதான் அது நல்ல யோசனை என்று அவளுக்கே தெரிந்தது.

"எவ்வளவு பெருசு?"

அதுதான் தெரியாது. ஸ்கேலை எடுத்துக்கொண்டு மேசை மேசையாக ஓடினாள். "கைய மடக்குங்க சார். மேடம், நீங்களும்." ஒன்பது கைகளும் போதவில்லை என்று தோன்றியது, எல்லாம் மவுஸ் பிடிக்கிற கைகள். இரண்டு மாடி இறங்கி டயர் கடைக்குள் போய் நின்றாள்.

"அண்ணே, கொஞ்சம் கைய மடக்குங்க."

டயர் கடைக்காரர் மடக்கினார். தேங்காய் அளவு இருந்தது. "யார அடிக்கணும்மா?"

"யாரையும் இல்லண்ணே. அளவுக்குத்தான். அந்த கிளவுஸயும் போட்டுக்கங்க."

நூற்றுப் பன்னிரண்டு மில்லி. மேலே ஓடிவந்து, சன்னலுக்கு நூற்று முப்பது வைத்தாள். அவ்வளவு வெட்டினால் சுவர் தாங்குமா? மூலைகளில் விரிசல் விடாமல் இருக்க நான்கையும் வளைவாக்கினாள். பாரத்தைக் கணக்குப் போட்டாள், நம்பிக்கையில்லாமல் மறுபடி போட்டாள். இரண்டு தடவையும் தாங்கியது. கேட்காமலே சுருட்டை அட்டையில் சன்னல் வெட்டிக் கொடுத்தான். எல்லோரும் வரிசையில் நின்று கையை விட்டுத் திருப்பிப் பார்த்தார்கள். திரும்பியது, திரும்பியது, திரும்பியது. அந்தச் சத்தத்தில் போன் அடித்ததுகூட யாருக்கும் கேட்கவில்லை.

பதினொன்றரைக்கு நான்காவது தாளை மஞ்சள் சாரிடம் நீட்டினாள். எதிரே நின்று ஒவ்வொரு மஞ்சளாக எண்ணினாள். முப்பத்தேழு எண்கள். முப்பத்தேழும் மஞ்சள். அவர் கை வலது மூலைக்கு வந்து நின்றது.

"இந்த கட்டம் ஏன் காலியா இருக்கு?"

"நான்தான் எடுத்துட்டேன் சார். சிவப்பு விழுந்துடுச்சே."

"எந்த தாள்ல விழுந்துச்சு?"

"நேத்து நீங்க மஞ்சள் பூசினதுல."

"நான் பூசின மஞ்சள் தப்பா போச்சு. அப்ப அந்த வட்டம் யாருக்கு?"

சுருட்டை இருமுவதுபோல் பாவனை செய்தான்.

"எனக்கு" என்றார் அவர். "உன் தாள்ல எங்க இருக்கு சிவப்பு? காட்டு."

அவள் மேடத்தைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னும் ஆறு நிமிஷத்துல அது போகணும்" என்றார் மேடம், கடிகாரத்தைப் பார்த்தபடி. "போடறியா, சுருட்டை போடட்டுமா?"

இரண்டே எழுத்து. மூன்று தடவை தப்பாக அடித்து நான்காவது தடவை சரியாக அடித்தாள்.

சாயங்காலம் வீட்டில் ஒரு பிரதியை விரித்து வைத்தாள். "கை போச்சா?" என்றார் அப்பா முதல் கேள்வியாக.

"டயர் கடைக்காரர் கையே போகும்ப்பா."

அவர் விரலை வைத்து மூலைக் கட்டத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். "முன்னால இருக்கறது என் எழுத்தில்ல? நான் ஒண்ணும் வரையலியே."

"ஸ்பேனர் பிடிச்சீங்கல்ல."

அவர் குனிந்து அந்த எழுத்தை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு நினைவு வந்து நிமிர்ந்தார். "ஆமா, ஸ்பேனர் எங்க?"

"மஞ்சள் சார் மேசைல. ரெண்டு பென்சிலுக்கு பக்கத்துல வெச்சுக்கிட்டார். இனிமே எந்த தாள் வந்தாலும் முதல்ல அதத்தான் எடுப்பாராம். கேட்டா தரமாட்டேங்கறார்."

"ஒம்பது மேசை, பதினெட்டு திரை" என்றார் அப்பா. "ஒரு ஸ்பேனர் இல்லியாம்மா அவங்ககிட்ட?"