கோட்டில் ஒட்டிவந்த உப்பு

இன்று காலை மரக்காணத்தில் பஸ் ஏறினால் பக்கத்து சீட்டில் ஸ்டெல்லா. பத்தாவது வரை என்னோடு படித்தவள், இப்போது உப்பளத்தில் வேலை.

"ஏண்டி மூஞ்சி இப்படி இருக்குது?" என்றாள்.

புதுச்சேரி லேபில் நான் செய்யும் பிளாஸ்டிக் உருண்டைகளைப் பற்றிச் சொன்னேன். கடுகைவிடச் சிறியவை, உள்ளே வெற்றிடம், மேலே அடுக்கடுக்காகப் பூச்சு. உள்ளே ஹைட்ரஜனை அடைத்து லேசரால் நசுக்கினால், சூரியனுக்குள் நடக்கும் அணு இணைவை இங்கேயே நடத்தலாம். ஆனால் மேலே ஒரு தூசிகூட இருக்கக் கூடாது. நான் செய்த மூன்று முறையும் உருண்டை மேல் புள்ளிகள். பூச்சுக் கரைசலை மாற்றி மாற்றி அலுத்துவிட்டேன்.

மைக்ரோஸ்கோப் படத்தைப் போனில் காட்டினேன்.

"சதுரம் சதுரமா இருக்குதே. உப்புடி இது! உன் வெள்ளை கோட்டை எங்க காயப்போடுற?"

"வீட்டுக்குப் பின்னாடி, கொடியில."

வீட்டுக்குப் பின்னாடி இருப்பது உப்புப் பாத்தி. நாங்கள் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

லேபுக்குப் போனதும் சோதித்தேன். உப்பேதான். மூன்று முறை செய்ததையும் கொட்டிவிட்டு, முதல் அடுக்கிலிருந்து மறுபடி ஆரம்பித்துவிட்டேன். விடுவதாக இல்லை. கோட்டு இனி லேபிலேயே காயும்.

சூரியனைச் செய்யப் போனவளை, சூரியன் காய்ச்சிய உப்பே மடக்கிவிட்டது. வேலைக்குத் தன் ஊரையும் சேர்த்துக் கூட்டிப்போனவர்கள் வேறு யாராவது உண்டா?